தைத்து வந்த சூட் சரியாக உட்காரவில்லையா? சுருக்கத்தைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பெரிய சூட் கடைப் பக்கம் போகாமல், வழக்கமாக நமக்குத் துணி தைக்கிறவரிடமே கோட்டும் பேன்ட்டும் தைத்துக்கொண்டால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் ட்ரையல் அன்று கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றதும் முதுகில் ஒரு மடிப்பு, தோளில் ஒரு பள்ளம், பட்டன் பக்கம் ஓர் இழுவை என்று வரிசையாகக் கண்ணில் படும். "போடப் போட செட் ஆயிடும்" என்பார் தைத்தவர். ஆகாது. துணிக்கு அப்படி ஒரு குணம் கிடையாது.

சுருக்கம் சும்மா விழுவதில்லை. விறைப்பாக இழுபட்டு நிற்கும் கோடு என்றால் அங்கே துணி பற்றவில்லை. அந்தக் கோடு எந்த இடத்தைப் பார்த்து ஓடுகிறதோ, பற்றாக்குறை அந்த இடத்தில். தளர்ந்து தொங்கும் மடிப்பு என்றால் துணி மிஞ்சுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, எந்தக் கட்டத்தில் பார்த்தோம் என்பது. தோள் இறக்கம் சரியில்லை என்பதைக் காடாத் துணி ட்ரையலில் (நிஜத் துணியை வெட்டும் முன் மலிவுத் துணியில் தைத்துப் பார்க்கும் மாதிரி) கண்டால் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டால் போதும். நிஜத் துணியைத் தற்காலிகமாகக் கையால் நூலோட்டம் போட்ட ட்ரையலில் கண்டால் பிரித்துக் கட்ட ஒரு மணி நேரம். லைனிங் மூடிய பிறகு கண்டால் பாதிக் கோட்டைக் கழற்ற வேண்டும். மலிவாக முடிப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்: கூலியில் பேரம் பேசுவதைவிட ட்ரையலுக்கு அடம்பிடிப்பது லாபம்.

பார்க்கத் தொடங்கும் முன்

சூட்டோடு போடப்போகிற சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொள்ளுங்கள். பர்ஸ், போன் எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அளவெடுக்கும்போது எல்லோரும் செய்கிற மாதிரி மார்பை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து நிற்காதீர்கள். அப்படி நின்று கொடுத்த அளவில் தைத்த கோட்டு, அப்படி நிற்கும்போது மட்டும்தான் பொருந்தும். இன்னொருவரை விட்டு முன், பின், இரண்டு பக்கம் என்று நான்கு படங்கள் எடுக்கச் சொல்லுங்கள், கேமரா மார்பு உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடியில் முதுகைப் பார்க்கத் திரும்பினால் அந்தத் திருப்பமே நான்கு பொய்ச் சுருக்கங்களை உண்டாக்கிவிடும்.

திருத்தம் எப்போதும் மேலிருந்து கீழே. தோள், கழுத்து, பிறகு மார்பும் இடுப்பும், பிறகு கை, கடைசியாக நீளம். தோளைத் தொட்டால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் இடம் மாறும். கை நீளத்தை முதலில் வெட்டிவிட்டுத் தோளைப் பிறகு சரிசெய்தால் கை குட்டையாகி நிற்கும்.

குறி: கேட்ட கூலியும் துணி விலையும் கைக்கு எட்டவில்லை

இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வோம். சூட்டில் காசு போகும் இடம் வெளியே தெரியாத உள்வேலை. மார்புக்குள் குதிரைமுடி கலந்த கேன்வாஸை (கோட்டுக்கு உருவம் தரும் விறைப்பான உள்துணி) வைத்துக் கையால் தைப்பது மிகுந்த நேரம் பிடிக்கும். அதைப் பழகாதவரிடம் கேட்பது இருவருக்கும் வீண் தலைவலி. சாதாரணத் தையல்காரரிடம் கேட்க வேண்டியது இலகுவான கோட்டு: மெல்லிய தோள் பஞ்சு அல்லது பஞ்சே இல்லாத தோள், முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல ஒட்டு கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் பசையால் ஒட்டுவது), மேலே ஒட்டித் தைக்கும் பை. துணியை வெட்டி உள்ளே வைக்கும் பையைவிட ஒட்டுப் பைக்கு நேரம் குறைவு, பிசகவும் வாய்ப்புக் குறைவு.

அரை லைனிங் போட்டால் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். லைனிங் துணி மிச்சமாகும், உண்மைதான். ஆனால் வெளியே தெரிகிற உள்தையல்கள் ஒவ்வொன்றுக்கும் பட்டி கட்டி முடிக்க வேண்டும். கூலி சில சமயம் முழு லைனிங்கைத் தாண்டிவிடும். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விடக்கூடியவை: வெயிஸ்ட்கோட், கைமுனையில் நிஜமாகத் திறக்கும் காஜா, கட்டம் போட்ட துணி. கட்டத்தைத் தையலுக்குத் தையல் பொருத்த துணியும் கூடுதலாக வேண்டும், நேரமும் கூடுதல். விடக்கூடாதவை: காடாத் துணி ட்ரையல், ஒட்டு கேன்வாஸின் தரம், பின்னால் பெரிதாக்கத் தையலுக்குள் விடும் உபரித் துணி.

துணி நீங்களே வாங்கினால் 58 இஞ்ச் பன்னாவில் சராசரி உடம்புக்கு 3 முதல் 3.5 மீட்டர். கம்பளித் துணியில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று அச்சிட்டிருப்பது இஞ்சுக்கு எத்தனை நூல் என்ற கணக்கு இல்லை. கம்பளி மயிர் எவ்வளவு மெலிது என்பது. சூப்பர் 100 என்றால் மயிரின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 120 என்றால் 17.75க்குள். எண் ஏற ஏற மென்மையும் விலையும் கூடும், உழைப்பு கூடாது. சீக்கிரம் கசங்கும், தேயும். ஒரே சூட்டை எல்லாவற்றுக்கும் போடப்போகிறவருக்கு சூப்பர் 100, 110 போதும். சதுர மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் எடை இருந்தால் தைப்பவருக்கும் துணி அடங்கி வரும். கம்பளி என்று சொல்லி விற்பதில் சந்தேகமா? ஓரத்திலிருந்து நாலு நூலைப் பிரித்து, பாதுகாப்பான இடத்தில் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கலப்புத் துணி இரண்டும் காட்டும். கலப்பு ஒன்றும் பாவமில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய தையல்காரர் என்றால் பேன்ட்டை முதலில் தைக்கக் கொடுங்கள். பேன்ட் சுமாராக வந்தால் கோட்டுத் துணி இன்னும் உங்கள் கையில் இருக்கும்.

குறி: பின்கழுத்தில் காலர் ஒட்டாமல் விலகி நிற்கிறது

முதலில் பட்டனைக் கழற்றிப் பாருங்கள். இடைவெளி மறைந்தால் குற்றவாளி காலர் இல்லை, மார்போ இடுப்போ இறுக்கம். துணி கீழே இழுக்கிறது. கீழே "பட்டன் போட்டதும் பெருக்கல் குறி" என்ற பகுதியைப் போய்ப் படியுங்கள்.

கழற்றியும் விலகியே நிற்கிறதா? பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். தலை முன்னுக்கு வந்து, முதுகின் மேல்பகுதி சற்று வளைந்திருந்தால், அந்த வளைவைச் சுற்றிவர முதுகுத் துணிக்கு நீளம் போதவில்லை. கீழே கோட்டின் பின்முனை லேசாகத் தூக்கிக்கொண்டிருப்பது இதற்கு இரண்டாவது சாட்சி. மேசையில் குனிந்து உழைப்பவர்களில் பலருக்கும் இந்த வளைவு உண்டு; பெரும்பாலான பாட்டர்ன் (துணி வெட்டும் அச்சு) நிமிர்ந்த முதுகுக்கே போட்டிருக்கும். காடா ட்ரையலில் முதுகின் குறுக்கே, தோள்பட்டை எலும்பின் உயரத்தில் வெட்டிப் பிரித்து, துணி தானாக விரியும் அளவைப் பார்த்து ஒரு துண்டு வைத்துக் குத்தினால் கூட்ட வேண்டிய நீளம் கைக்கு வந்துவிடும். நிஜத் துணி வெட்டிய பிறகு என்றால், தோள் தையலின் பின்பக்கத்தில் விட்ட உபரித் துணி எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் இந்தக் கோளாறோடு வாழ வேண்டியதுதான்.

முதுகும் சரி, பட்டனும் சரி, காலர் மட்டும் வாய் பிளந்த மாதிரி நிற்கிறது என்றால் காலரே நீளம். கழற்றி, அடிக்காலரைச் சற்றுச் சுருக்கி, ஆவி காட்டி வளைத்து மறுபடி வைக்கலாம். இது நடுத்தரச் செலவு, செய்யத் தகுந்தது.

குறி: காலருக்குக் கீழே படுக்கைவாட்டில் ஒரு மடிப்பு

மேலே சொன்னதற்கு நேர் எதிர். துணி மிஞ்சுகிறது. மிக நிமிர்ந்து நிற்பவர்களுக்கும், தோள் இறக்கமே இல்லாமல் சமமாக இருப்பவர்களுக்கும் வரும். அந்த மடிப்பை விரலால் கிள்ளிக் குண்டூசி குத்துங்கள். கிள்ளிய அளவு பெரும்பாலும் கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்குள் இருக்கும். காலரைக் கழற்றி, பின்கழுத்தை அந்த அளவு தாழ்த்தி மறுபடி வைப்பார்கள். சூட் தைப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. உங்கள் தையல்காரருக்குப் புதிது என்றால் குண்டூசி குத்தியபடியே கோட்டைக் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிட ஊசி தெளிவாகப் பேசும்.

குறி: தோள் முனைக்குக் கீழே பள்ளம்

சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கை சுவரைத் தொடுவதற்கு முன்னால் தோள் பஞ்சு தொட்டால் தோள் அகலம் அதிகம். நூலோட்டம் போட்ட நிலையில் இதைக் கண்டால் கையைப் பிரித்து, தோளைக் குறைத்து, கையை மறுபடி ஏற்றலாம். முடிந்த கோட்டில் கண்டால், என் அபிப்பிராயம், தொடாதீர்கள். தோளைக் குறைப்பது என்றால் கை, லைனிங், பஞ்சு, கைத் தலைப்பின் (கை தோளோடு சேரும் மேல்முனை) உள்பட்டி எல்லாம் வெளியே வர வேண்டும். அந்தக் கூலியில் இன்னொரு பேன்ட் தைத்துவிடலாம். பள்ளம் சிறியதாக இருந்தால் கைத் தலைப்பின் உள்ளே ஒரு மெல்லிய பஞ்சுப் பட்டி வைத்தாலே நிரம்பிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுகிறதா? அந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒரு தோள் கொஞ்சம் தாழ்வுதான். அந்தப் பக்கத்துப் பஞ்சில் கால் இஞ்ச் அளவுக்கு ஓர் அடுக்கு சேர்த்தால் போதும். சூட் திருத்தங்களிலேயே மிக மலிவானது இது, மிகுந்த மாற்றம் காட்டுவதும் இதுதான்.

தோள் குறுகலாக இருந்து கைச்சதை துணியைத் தள்ளிக்கொண்டு நின்றால் வழி குறைவு. தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் உபரித் துணியை வெளியே விடலாம், அவ்வளவே.

குறி: பட்டன் போட்டதும் பெருக்கல் குறி

பட்டனை மையமாக வைத்து நாலு பக்கமும் கோடு ஓடினால் இடுப்பு இறுக்கம். ஒரு மெல்லிய கோடு தெரிவதில் தவறில்லை, உடம்புக்கு ஏற்ற கோட்டில் அது இருக்கும். உட்காரும்போது பட்டனைக் கழற்றுவதும் வழக்கம்தான். உட்கார்ந்தும் இறுகக்கூடாது என்று தளர்த்தினால் நிற்கும்போது மூட்டை மாதிரி ஆகிவிடும்.

தையல்காரர் முதலில் பட்டனைத் தள்ளி வைக்கிறேன் என்பார். கால் இஞ்ச் வரை சரி. அதற்கு மேல் போனால் முன்பக்கம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது குறைந்து, கோட்டின் நடுக்கோடே இடம் மாறிவிடும். உண்மையான வைத்தியம் பக்கத் தையலையும் முதுகு நடுத்தையலையும் விடுவது.

விடுவதற்கு உள்ளே துணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூட் மட்டுமே தைப்பவர்கள் அந்தத் தையல்களில் முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவார்கள். மற்ற உடை தைத்துப் பழகியவர் அரை இஞ்சில் தைத்து, ஓவர்லாக் மெஷினில் ஓட்டிவிடுவார். அந்த மெஷினின் பிளேடு ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும்; மிச்சம் இருந்ததும் குப்பையில். வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பக்கம், முதுகு நடு, பேன்ட்டின் பின்நடு மூன்றிலும் ஒரு இஞ்ச் உள்ளே வேண்டும், ஓவர்லாக் போட்டால் பிளேடு படாமல் போட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பின்னால் உடம்பு ஏறும்போது காசைக் காப்பாற்றும்.

குறி: கையைத் தூக்கினால் கோட்டே மேலே ஏறுகிறது

"கை ஃப்ரீயா இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தில் அக்குளை ஆழமாக வெட்டுவதால் வருவது. விளைவு தலைகீழ். கை உடம்போடு சேரும் இடம் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது அது பக்கத் துணியைப் பிடித்து மேலே தூக்கும். அக்குள் உயரமாக இருந்தால் கை தனியாக அசையும், கோட்டு இடத்தில் நிற்கும். போட்டவுடன் சற்று நெருக்கமாகத் தோன்றும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

வெட்டியெடுத்த துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் இதைக் காடா ட்ரையலிலேயே பார்த்தாக வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி. பிறகு ஒரு கையைத் தலைக்கு மேலே. கோட்டின் கீழ்முனை எவ்வளவு ஏறுகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும். ஏறினால் அக்குளில் காடாத் துண்டு ஒன்றை வைத்து உயர்த்தி மறுபடி பாருங்கள். கோட்டு முடிந்தே விட்டது என்றால் அக்குளில் அதே துணியில் சாய்சதுர வடிவத் துண்டு ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம். கை கீழே இருக்கும்போது அது தெரியாது. மிச்சத் துணியை வாங்கி வைத்திருந்தால்தான் இதுவும் நடக்கும்.

குறி: கையில் முறுக்கிய சுருக்கம், அல்லது கைத் தலைப்பில் பொரிப்பொரியாகச் சுருக்கம்

இரண்டும் வேறு வேறு நோய். முறுக்கு என்றால் கை ஏற்றிய கோணம் தவறு. கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு மணிக்கட்டைப் பாருங்கள். மணிக்கட்டு கோட்டுக் கையின் முன்பக்கத்தில் முட்டினால் கையை முன்னுக்குத் திருப்பி ஏற்ற வேண்டும். பின்பக்கத்தில் முட்டினால் பின்னுக்கு. அரை இஞ்ச் திருப்பினாலே முறுக்கு ஓடிவிடும். நூலோட்டத்தில் இருக்கும்போது ஒரு கையை அவிழ்த்துச் சுருக்கம் மறையும்வரை திருப்பி, அங்கேயே சாக்கட்டிக் குறி போடச் சொல்லுங்கள். இரண்டு கைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பொரிப்பொரியாக வருவது கைத் தலைப்புத் துணி கைச்சுற்றைவிட (கோட்டு உடம்பில் கை ஏற்றும் திறப்பு) நீளமாக இருப்பதால். அப்படி இருக்கத்தான் வேண்டும்; அந்த மிச்சத்தை ஆவியில் சுருக்கி அடக்குவதுதான் கைவேலை. கம்பளி ஆவிக்கு அடங்கும். பாலியஸ்டர் அடங்காது, என்ன இஸ்திரி போட்டாலும் பொரியும். உங்கள் துணி பாலியஸ்டர் என்றால் தலைப்பின் நீளத்தைப் பாட்டர்னிலேயே குறைக்கச் சொல்லுங்கள். மெஷினையும் நூலையும் குறை சொல்லிப் பயனில்லை.

கை நீளம்: சட்டைக் கை அரை இஞ்ச் வெளியே தெரிய வேண்டும். அதைக் கடைசி ட்ரையல்வரை முடிவு செய்யாதீர்கள், கைமுனைக் காஜாவையும் அதற்கு முன் வெட்ட விடாதீர்கள். காஜா வெட்டிய கையை முனையில் குறைக்க முடியாது. தோளில் கழற்றித்தான் குறைக்க வேண்டும்.

குறி: லேப்பல் மார்பில் படியாமல் எழும்பி நிற்கிறது

லேப்பல் என்பது காலரிலிருந்து மார்பில் மடங்கி விழும் முன்துணி. அது மடங்கும் கோடு நெடுக உள்ளே ஒரு நாடா வைத்துத் தைப்பார்கள். அந்த நாடா மடிப்புக் கோட்டைவிடக் கால் இஞ்ச், மார்பு நிறைந்தவர்களுக்கு இன்னும் சற்றுக் கூட, குட்டையாக இருக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் லேப்பல் மார்போடு படியும். பல இடங்களில் நாடா வைப்பதே இல்லை. லைனிங் மூடுவதற்கு முன் கேட்டால் அரைமணி வேலை.

மார்பு நிறைந்த பெண்களுக்கு நாடா மட்டும் போதாது, டார்ட் (வடிவத்துக்காகத் துணியைக் கூராகப் பிடிக்கும் தையல்) வேண்டும். சூட் மட்டுமே தைத்தவரைவிடப் பெண்கள் உடை தைத்துப் பழகியவர் இந்த இடத்தில் கெட்டிக்காரர்: தோளிலிருந்து மார்பு வழியாக இடுப்புக்கு இறங்கும் நீளத் தையல் போட்டுவிட்டால் எந்த இடத்திலும் அரை இஞ்ச் பிடிக்கலாம், விடலாம். முதல் பட்டன் மார்பின் மிக நிறைந்த இடத்துக்குச் சற்று மேலே விழுந்தால் கீழே வாய் திறந்துகொள்ளும். ஒரே பட்டன், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் என்பது பாதுகாப்பான முடிவு.

குறி: பின்பக்கப் பிளவு திறந்தே நிற்கிறது

புதுக் கோட்டின் பிளவில் பெருக்கல் குறி மாதிரித் தெரியும் நூல், அழகுக்குப் போட்டது இல்லை. கடைசியாக வெட்டியெடுக்க வேண்டிய தற்காலிகத் தையல். பைகளின் வாயிலும் அப்படி இருக்கும். அதை எடுத்த பிறகு பிளவு விரிந்தால் புட்டப் பக்கம் துணி போதவில்லை. பக்கத் தையலைக் கீழ்ப்பகுதியில் விட வேண்டும். பிளவைத் தைத்து மூடிவிடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள், நடக்கும்போது எல்லாம் இழுக்கும்.

குறி: முன்பக்கத் துணியில் கொப்புளம் மாதிரி எழும்புகிறது

ஒட்டு கேன்வாஸின் பசை விட்டுவிட்டது. சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக இல்லாமல் ஒட்டினால் முதல் டிரை கிளீனிங்கிலேயே வெளிப்படும். துணியோ கேன்வாஸோ முன்கூட்டியே சுருங்காமல் இருந்து, ஒட்டிய பிறகு ஒன்று மட்டும் சுருங்கினாலும் இதே கதி. ஈரத்துணி போட்டு அழுத்தி இஸ்திரி வைத்தால் சில நாள் அடங்கும், திரும்ப வரும். நிரந்தர வைத்தியம் கிடையாது.

ஆகையால் முன்சோதனை. கோட்டுத் துணியில் ஒரு சாண் துண்டில் அதே கேன்வாஸை ஒட்டி, ஒரு நாள் ஆறவிட்டு, ஓரத்தை நகத்தால் உரித்துப் பாருங்கள். பிறகு அதையே ஆவியில் காட்டி ஆறவிட்டு மறுபடி பாருங்கள். சுலபமாக உரிந்தால், அலை அலையாக வந்தால், வேறு கேன்வாஸ் வேண்டும். வெட்டுவதற்கு முன் மொத்தத் துணிக்கும் ஆவி காட்டிச் சுருக்கிக்கொள்வதும் இதோடு சேர்ந்தது. பருத்தி, லினன் என்றால் நனைத்துக் காயவைத்தே வெட்ட வேண்டும்.

இன்னொரு சிறு கோளாறு: தையலோரங்களில் எண்ணெய் பட்டாற்போல் மினுமினுப்பு. மேலே துணி போடாமல் நேராக இஸ்திரி வைத்த அடையாளம். ஆவி காட்டி மெல்லிய பிரஷால் வருடினால் பெரும்பாலும் குறையும்.

குறி: லைனிங் இழுக்கிறது, அக்குளில் கிழிகிறது

லைனிங் மேல்துணியைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். முதுகு நடுவில் மேலிருந்து கீழே ஒரு இஞ்ச் அளவுக்கு மடிப்பு இல்லையென்றால் கையை முன்னால் நீட்டும் ஒவ்வொரு தடவையும் தையல் அறும். கோட்டின் கீழ்முனை உள்ளே சுருட்டிக்கொண்டு போவதற்கும் காரணம் குட்டை லைனிங்தான். பிரித்துக் கீழே விட்டால் தீரும்.

குறி: பேன்ட்டில் கோளாறு

முன்பக்கம் தொடை இடுக்கிலிருந்து இருபுறமும் பூனை மீசை மாதிரிக் கோடு ஓடினால் சீட்டோ (புட்டப் பகுதி) தொடையோ இறுக்கம். பக்கவாட்டுப் பை வாய் பிளந்தால் அதே நோய்தான், இடுப்பெலும்புப் பக்கம். பின்நடுத் தையலில் துணி இருந்தால் விட்டுச் சரிசெய்யலாம், மலிவு.

உட்காரும்போது பின்பட்டி கீழே இறங்குகிறது என்றால் பின்பக்க உயரம் போதவில்லை. இடுப்பை இறுக்கினால் சரியாகும் என்று பெல்ட்டை இழுத்துக் கட்டுவார்கள், ஆகாது. கால் இடைத் தையலின் மேல்முனையில் பின்துண்டை விட்டால் கொஞ்சம் உயரம் கிடைக்கும்.

சீட்டுக்குக் கீழே துணி தொங்கி மடிந்தால் பின்பக்கம் மிச்சம். பட்டியைக் கழற்றி, பின்பக்கத்தை மேலே ஏற்றி மறுபடி வைக்கலாம்.

இஸ்திரிக் கோடு முழங்காலுக்குக் கீழே சுழன்று ஒரு பக்கமாகப் போனால் நெசவின் நேர் நூலுக்குச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். மருந்தில்லை. துணியை மிச்சம் பிடிக்கத் துண்டுகளைச் சாய்த்து வைத்து வெட்டும்போது நேர்வது இது. 3 மீட்டர் தேவைப்படுகிற இடத்தில் 2.75 போதும் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

கீழ்மடிப்பை ஷூ போட்டுத்தான் குறிக்க வேண்டும். உள்ளே இரண்டு இஞ்ச் இருக்கட்டும். கையில் காசு இருந்தால் அதே துணி ரோலிலிருந்து இரண்டாவது பேன்ட் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முன்னால் தேய்ந்துபோவது பேன்ட்தான், அப்போது போய்த் தேடினால் அதே சாயம் கிடைக்காது.

குறி: ஒரு துண்டு மட்டும் நிறம் வேறாகத் தெரிகிறது

வெளிச்சத்தில் ஒரு கை கருப்பாகவும் இன்னொன்று சாம்பல் பூத்தும் தெரிந்தால், துண்டுகளை எதிரெதிர்த் திசையில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். வெல்வெட், கார்டுராய் மட்டுமில்லை, மெல்லிய மயிர் உள்ள கம்பளியிலும் வரும். அந்தத் துண்டை மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும்.

குறி: சொன்னால் தையல்காரர் முகம் சுருங்குகிறது

"சரியா உட்காரலை" என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது, மனம் மட்டும் நோகும். என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். அது அவர் தொழில். எங்கே, எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்: "பட்டன் போட்டா இந்த இடத்துல இழுக்குது, கழட்டினா போயிடுது." படத்தைக் காட்டுங்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய கோட்டு ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்; தோளையும் அக்குளையும் அதிலிருந்து எடுக்கச் சொல்வது ஆயிரம் விளக்கத்துக்குச் சமம். கூலி பேசும்போதே இரண்டு ட்ரையல், ஒரு கடைசித் திருத்தம் சேர்த்துப் பேசிவிடுங்கள். காடாத் துணிக்கும் அந்த நேரத்துக்கும் தனியாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். திருத்திய காடாவைப் பிரித்துப் பாட்டர்னாக வைத்துக்கொண்டால் அடுத்த கோட்டில் அந்தக் கூலி மிச்சம்.

குறி: போட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, கோட்டு இன்னும் சரியாகவில்லை

ஒரே நாளில் முடிகிறவற்றை மட்டும் கேளுங்கள்: கை நீளம், பேன்ட் நீளம், பட்டனைக் கால் இஞ்ச் தள்ளுவது, தாழ்ந்த தோளில் ஓர் அடுக்குப் பஞ்சு, பக்கத் தையலை விடுவது அல்லது பிடிப்பது. காலரையும் தோளையும் அவசரத்தில் கழற்ற விடாதீர்கள்; கழற்றிய கோட்டு அன்றைக்குத் திரும்பி வராமலே போகலாம். பட்டனைத் திறந்துவிட்டால் இடுப்பு இழுவையும், அதனால் வந்த காலர் விலகலும் மறையும். நிகழ்ச்சி முடிந்த பிறகு மிச்சத் துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், லைனிங்கைப் பிரித்துப் பார்த்து என்னென்ன விட முடியும் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.